தரைவாணத்துக்கு நான்கு வழிகள்: எதில் புகை அடங்கும், எதில் தரம் நிற்கும்

இருபத்துநான்கு புஸ்வாணங்களை ஒரே வரிசையில் நிறுத்தி, இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பற்றவைத்தோம். முதல் ஆறு வரை கூட்டம் ஆர்ப்பரித்தது. பத்தாவது வந்தபோது பொறி தெரியவில்லை. வெள்ளைப் புகைக்குள் ஏதோ ஆரஞ்சாக மினுங்கியது, அவ்வளவுதான். பதினைந்துக்குப் பிறகு முன்வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். வாணங்களில் ஒரு குறையும் இல்லை. எல்லாம் முழு உயரத்துக்கு எழும்பின என்பது பின்பக்கம் நின்ற எனக்கு நன்றாகத் தெரிந்தது. பார்க்க வந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

தவறு என்னுடையது. காற்று கூட்டத்தின் பக்கமாக மெல்ல வீசிக்கொண்டிருந்தது; நான் அதைக் கவனிக்கவே இல்லை. அடுத்த ஆண்டு, 'புகையில்லாத' ரகம் வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்பி வாங்கினேன். புகை குறைந்தது உண்மை. ஆனால் பாதி வாணங்கள் ஆளுயரத்தைத் தாண்டவில்லை. புகையைத் தனியாகவும் தரத்தைத் தனியாகவும் பார்த்து முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று அந்த இரண்டு ஆண்டுகளில் புரிந்தது. வானத்தில் போய் விரியும் குண்டுகளை இங்கே விட்டுவிடுகிறேன். தரையிலேயே நின்று எரியும் புஸ்வாணம், சக்கரம், ஒளி எழுத்துச் சட்டம், தீ அருவி ஆகியவற்றுக்கு எந்த வழியில் போகலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

புகை எங்கிருந்து வருகிறது

உயரத்தில் வெடிக்கும் குண்டின் புகை நகர்ந்துபோக அங்கே காற்றும் இடமும் உண்டு. தரைவாணத்துக்கு அந்த வசதி இல்லை. பொறி எழும் உயரமும் புகை தேங்கும் உயரமும் ஒன்றுதான். முதல் வாணம் விட்டுப்போன புகைக்குள்தான் இரண்டாவது வாணம் எரிய வேண்டியிருக்கிறது.

இதில் கருமருந்தின் பங்கு பெரியது. வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) 75 பங்கு, கரி 15, கந்தகம் 10 என்பது அதன் பழைய கணக்கு. எரிந்து முடிந்ததும் எடையில் ஏறக்குறைய 43 சதவீதம்தான் வாயுவாகிறது. சுமார் 56 சதவீதம் பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பைடு போன்ற திடப்பொருள்கள். வாணத்துக்கு 200 கிராம் மருந்து என்று வைத்தால், என்னுடைய இருபத்துநான்கிலும் சேர்த்து 4.8 கிலோ. அது முழுக்கக் கருமருந்து போலவே எரிந்தது என்று கொண்டால், ஏறக்குறைய 2.7 கிலோ திடப்பொருள் வெளியாகியிருக்கும். அதில் ஒரு பகுதி குழலுக்குள்ளேயே கசடாக ஒட்டிக்கொள்ளும். மீதி எல்லாம் மாவுபோல நம் முகத்துக்கு நேரே மிதக்கும்.

அப்புறம் ஈரப்பதம். இந்த உப்புத் துகள்கள் காற்றிலிருக்கும் நீராவியை இழுத்துக்கொண்டு பருத்துவிடும். பொட்டாசியம் கார்பனேட் 25 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் சுமார் 43 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். வண்ண வாணங்களில் எரிய ஆக்சிஜன் தரும் உப்பான பெர்குளோரேட்டைச் சேர்த்த மருந்திலிருந்து வரும் பொட்டாசியம் குளோரைடு 84 சதவீதம் வரை தாங்கும். ஈரமான இரவில் அதே வாணம் இரண்டு மடங்கு புகைவதுபோல நமக்குத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். மருந்து மாறவில்லை; ஒவ்வொரு துகளும் ஒரு நீர்த்துளியாகிவிட்டது.

மூன்றாவது காரணத்தைப் பலரும் மறந்துவிடுகிறோம். வானம் தெளிந்து, காற்று அசையாத இரவில் தரை வேகமாகக் குளிரும். தரையை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும்போது, கீழே இருப்பது மேலே ஏறாது. ஒரு மூடி போட்டதுபோல ஆகிவிடும். வாணவேடிக்கைக்கு அருமையான இரவு என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இந்த இரவைத்தான். சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் இந்த மூடி உருவாகத் தொடங்கி, நேரம் ஆக ஆகத் தடிக்கும். அதனால் காற்று இல்லாத நாளில் காட்சியைப் பின்னிரவுக்குத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இருட்டியவுடன் தொடங்குவது நல்லது.

முதல் வழி: கருமருந்தும் கரியும்

பழைய புஸ்வாணம், பழைய சக்கரம். புகை கணக்கில் நான்கு வழிகளிலும் இதுவே கடைசி. ஆனால் இதை எளிதாகத் தள்ளிவிட என்னால் முடியாது.

கரித்துகள் தரும் அந்தப் பொன்னிறப் பொறி வேறு எதிலும் வராது. இரும்புத்தூள் சேர்த்தால் பொறி கிளைவிட்டுப் பிரியும். டைட்டானியம் சேர்த்தால் வெள்ளிப் பொறி. கரிப்பொறி மட்டும் மெதுவாக, நீளமாக, கண்ணுக்கு இதமாக விழும். ஜப்பானியர்களின் செங்கோ ஹனாபி என்ற சிறு கைவாணத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும். நுனியில் திரளும் உருகிய பொட்டாசியம் உப்புத் துளியிலிருந்துதான் அதன் கிளைப்பொறிகள் தெறிக்கின்றன. நாம் குறைசொல்லும் அந்தத் திடப்பொருள்தான் அங்கே அழகைச் சுமக்கிறது. கரியும் கந்தகமும் இல்லாமல் அந்தப் பொறியைக் கேட்பது, மரம் வேண்டாம் நிழல் மட்டும் போதும் என்பதுபோல.

தரத்தைப் பொறுத்தவரை இந்த வழியில் எனக்கு நம்பிக்கை அதிகம். கருமருந்து எளிதில் பற்றும், சீராக எரியும், உலர்வாக வைத்தால் பல ஆண்டுகள் கெடாது. இதில் தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, அடைப்பு. புஸ்வாணத்தின் வாயில் களிமண்ணால் ஒரு சிறு துளை அமைப்பார்கள். மருந்தின் அழுத்தத்தைப் பொறியின் உயரமாக மாற்றுவது அதுதான். டைட்டானியம் போன்ற கடினமான துகள் சேர்ந்த மருந்து அந்தத் துளையை அரித்துக்கொண்டே போகும். தொடக்கத்தில் நான்கு மீட்டர் எழுந்தது முடிவில் இரண்டு மீட்டருக்கு இறங்குவது அதனால்தான். மற்றொன்று, மருந்தில் விரிசல். குழலைக் கீழே போட்டாலோ, ஈரம் ஏறி மறுபடி காய்ந்தாலோ, இறுகிய மருந்து விரிசல் விட்டுப் பிளவுபடும். தீ அந்தப் பிளவுக்குள் ஓடினால் ஒரே நொடியில் பரப்பு கூடி, அழுத்தம் ஏறி, புஸ்வாணம் பட்டாசுபோல வெடிக்கும். கீழே விழுந்த புஸ்வாணத்தைத் துடைத்து மறுபடி வரிசையில் வைக்காதீர்கள். எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

சக்கரத்துக்கு ஒரு சின்ன அனுகூலம் உண்டு. சுழலும்போது தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் கலக்கிவிடுவதால் புகை ஒரே இடத்தில் திரளாது. கம்பத்தில் மாட்டும் சக்கரம் என்றால் அச்சு தாராளமாகச் சுற்றுகிறதா என்று முன்பே கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். தரையில் சுற்றும் சக்கரம் புல்தரையில் உருப்படாது. அதற்கு ஒரு பலகையோ சிமெண்டுத் தளமோ வேண்டும்.

இரண்டாவது வழி: பெர்குளோரேட் வண்ண மருந்து

வண்ணம் வேண்டும் என்றால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்போம். ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை, சோடியம் மஞ்சள், தாமிரம் நீலம். சிவப்பும் பச்சையும் நீலமும் தெளிவாக வர, தீக்குள் குளோரின் இருக்க வேண்டும். அதற்காக மருந்தோடு பிவிசி போன்ற குளோரின் நிறைந்த பொருள் ஒன்றைக் கலப்பார்கள்.

கருமருந்தைவிட இதில் புகை குறைவாகத் தெரியும், ஆனால் இல்லாமல் போகாது. பொட்டாசியம் பெர்குளோரேட் எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு மெல்லிய வெண்புகையாக வரும். அம்மோனியம் பெர்குளோரேட் அடிப்படையில் செய்தவற்றில் அந்த உப்பும் இல்லை. பெரும்பாலும் வாயுதான் வரும். உலர்ந்த காற்றில் இதன் நிறம் கண்ணைப் பறிக்கும். ஈரமான இரவில் மட்டும் அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு நீராவியோடு சேர்ந்து மூடுபனியாக மாறும். அந்தப் பனி தொண்டையையும் அரிக்கும். ஆகவே பார்வையாளர்கள் காற்றின் திசையில் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு இதை நான் வைக்க மாட்டேன்.

வெளிச்சம் இன்னொரு சிக்கல். மக்னீசியமும் அலுமினியமும் கலந்த மக்னேலியம் சேர்த்தால் நிறம் பளிச்சென்று வரும். கூடவே மக்னீசியம் ஆக்சைடு, அலுமினா என்ற வெள்ளைத் தூளும் வரும். பளிச்சென்ற ஒளி அந்த வெள்ளைத் தூளில் பட்டுச் சிதறி, நிறத்தை வெளிறச் செய்துவிடும். தீ அருவி இதற்கு உச்சம். அலுமினியத்தை நம்பிய அந்த வெள்ளி அருவி எவ்வளவு அழகோ அவ்வளவு அடர்த்தியான புகை. அதை நடுவில் வைத்தால் அதன் பிறகு எதுவும் தெரியாது. கடைசியாக மட்டும் வையுங்கள்.

நீலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாமிர குளோரைடு அதிக வெப்பத்தில் சிதைந்துவிடும். அதனால் நீலத்தின் தீயை அதிகம் சூடாகாமல் வைத்திருக்க வேண்டும், சூடு குறைந்தால் ஒளியும் மங்கும். புகைக்கு முதல் பலி நீலம்தான். நீலப் புஸ்வாணம் வாங்குவதென்றால் காட்சியின் முதல் அரை நிமிடத்துக்குள் கொளுத்திவிட வேண்டும். இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

ஒளி எழுத்துச் சட்டமும் இந்த மருந்தில்தான் ஓடுகிறது. விரல் பருமன்கூட இல்லாத காகிதக் குழல்களை மரச்சட்டத்தில் வரிசையாக நட்டு, திரியால் இணைத்து, ஏறக்குறைய ஒரு நிமிடம் எழுத்தாகவோ உருவமாகவோ எரியவிடுவார்கள். ஒரு குழலின் புகை ஒன்றுமில்லை. முந்நூறு குழல்களின் புகை சேர்ந்தால் எழுத்துக்கு முன்னால் திரை விழும். பின்னாலிருந்து மெல்லிய காற்று வீசினால் அந்தத் திரை நேராகக் கூட்டத்தை நோக்கி வரும். காற்று பக்கவாட்டில் வீசினால் ஓரளவு தப்பலாம். இதன் தரம் முழுக்க இணைப்பில் இருக்கிறது. ஒரு திரி நனைந்தால் ஒரு எழுத்தே காணாமல் போகும்; வாசிப்பவர்கள் வேறு சொல்லைப் படிப்பார்கள்.

தரையில் கட்டிய சட்டங்களை ஈரம் என்ன செய்யும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1749 ஏப்ரல் 27 அன்று லண்டன் கிரீன் பார்க்கில், ஹாண்டெல் இசையமைத்த அரச வாணவேடிக்கைக்காகப் பெரிய மரமண்டபம் கட்டினார்கள். மழை பெய்தது. பல வாணங்கள் சரியாக எரியவில்லை. மண்டபத்தின் ஒரு பகுதியே தீப்பிடித்துக்கொண்டது. எரிய வேண்டியது எரியாமலும், எரியக் கூடாதது எரிந்தும் போன இரவு அது.

மூன்றாவது வழி: புகை குறைந்த நைட்ரோசெல்லுலோஸ்

'புகையில்லாத' என்ற பெயரில் வருபவற்றில் பெரும்பாலானவை இந்த இனம். பஞ்சு போன்ற செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தால் மாற்றிச் செய்வது நைட்ரோசெல்லுலோஸ். அது எரிந்தால் கார்பன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன், நீராவி என்று கிட்டத்தட்ட எல்லாமே வாயுவாகப் போய்விடும். நிறத்துக்காகச் சேர்க்கும் உலோக உப்பு மட்டும்தான் மிச்சம். மறைக்கப் புகை இல்லாததால் அந்த உப்பையும் குறைவாகச் சேர்த்தாலே போதும்.

இதற்கு முன் இன்னொரு பாதையும் முயன்றார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் நைட்ரஜன் நிறைந்த சேர்மங்களை வாண மருந்தாக ஆராய்ந்தார்கள். கரியை எரித்துச் சக்தி எடுப்பதற்குப் பதிலாக, நைட்ரஜன் பிணைப்புகள் உடைந்து நைட்ரஜன் வாயுவாக மாறும்போது வரும் சக்தியை அவை தரும். நிறம் அவ்வளவு சுத்தம், புகையோ மிகக் குறைவு. ஆனால் செலவு கட்டுப்படியாகவில்லை. சாதாரண மேடைக் காட்சிக்கு நைட்ரோசெல்லுலோஸே நிலைத்தது.

உள்ளரங்கிலும் மேடையிலும் இதற்கு மாற்று இல்லை என்றே சொல்வேன். திறந்தவெளியில்தான் எனக்குத் தயக்கம். முதல் காரணம், பொறியின் உடல். கரிப்பொறிக்கு இருக்கும் நீளமும் கனமும் இதில் வராது. பத்து மீட்டரில் பார்த்தால் அழகாக இருக்கும், ஐம்பது மீட்டரில் ஒரு கோடுபோலத் தெரியும். இரண்டாவது, எரியும் நேரம் பெரும்பாலும் குறைவு. மூன்றாவது, முக்கியமானது: ஒரே மாதிரித் தன்மை. நைட்ரோசெல்லுலோஸ் எரியும் வேகம், அது எவ்வளவு இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பெரிதும் சார்ந்தது. சூடான இடத்தில் பல மாதம் கிடந்தால் அது மெல்ல மெல்லத் தானாகவே சிதையவும் செய்யும். எனக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். வந்த பெட்டிகளில் இரண்டு தொகுதி எண்கள் இருந்தன. ஒன்று சரியாக எழும்பியது, மற்றது முழங்காலில் தொடங்கி மார்போடு நின்றது. புகை இல்லாததால் அந்தக் குறை இன்னும் பளிச்சென்று தெரிந்தது. கருமருந்து வரிசையில் ஒன்றிரண்டு குட்டையாக எரிந்தால் புகை அதை மறைத்துவிடும். இதில் மறைக்க எதுவும் இல்லை.

புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் மூச்சுக்கு நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அரங்கில் இதை எரித்தால் காற்றோட்டத்துக்கு வழி செய்துவிட்டுத்தான் எரிக்க வேண்டும்.

நான்காவது வழி: பொறி இயந்திரம்

குளிர்ப்பொறி இயந்திரம் என்று அழைக்கிறார்கள். இதில் வாண மருந்தே கிடையாது. டைட்டானியம், சிர்க்கோனியம் கலந்த உலோகக் குருணையை மின்சாரத்தால் சூடாக்கி, விசிறியால் மேலே ஊதுவார்கள். குருணை காற்றில் எரிந்து புஸ்வாணம்போலத் தெரியும். உயரத்தைப் பொத்தானால் கூட்டலாம், குறைக்கலாம், நினைத்த நொடியில் நிறுத்தலாம். பற்றவைத்த புஸ்வாணத்தை யாராலும் நிறுத்த முடியாது. இந்த ஒன்றுக்காகவே இதை மதிக்கிறேன்.

புகையும் மிகக் குறைவு. ஆனால் வெள்ளைப்பொன் நிறம் ஒன்றுதான் உண்டு. சிவப்பும் பச்சையும் கேட்க முடியாது. கொஞ்சம் பலமான காற்றடித்தால் பொறி சாய்ந்து, உயரம் பாதியாகும். தொடங்கும் முன் சில நிமிடங்கள் சூடேற வேண்டும். குருணை ஈரம் பட்டால் கட்டிதட்டிக் குழாயை அடைத்துக்கொள்ளும். மழை வாய்ப்புள்ள திடலில் மின்கம்பி இழுத்து வைப்பதும் தனிக் கவலை.

'குளிர்' என்ற சொல்லை நம்பிக் குழந்தைகளைப் பக்கத்தில் விடுபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. பொறி ஒவ்வொன்றும் மிகச் சிறியது என்பதால் அதன் வெப்பம் சட்டென்று அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். எரிவது உலோகம். இயந்திரத்தின் வாய்ப்பகுதி உண்மையிலேயே சுடும். குருணை தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணல்தான் போட வேண்டும். ஒரு வாளி மணல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் நான் செய்யும் சோதனை

பெட்டியில் எழுதியிருப்பதை வைத்துப் புகையை ஒப்பிட முடியாது. நான் ஒரு எளிய வழியைப் பின்பற்றுகிறேன். இருட்டியதும் ஒரு சிறு விளக்கை ஏற்றி வைத்து, அதிலிருந்து இருபது மீட்டர் தள்ளி நின்றுகொள்வேன். நடுவில் சோதனை வாணம். காற்று அடங்கிய நேரம் பார்த்து அதைக் கொளுத்தி, வாணம் அணைந்த நொடியிலிருந்து விளக்கு மறுபடி தெளிவாகத் தெரியும் வரை எண்ணுவேன். எல்லா ரகத்துக்கும் அதே மாலை, அதே இடம். மறுநாள் செய்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அர்த்தமில்லை, காற்றும் ஈரமும் மாறியிருக்கும். இந்த எண்தான் பிறகு காட்சியின் இடைவெளியைத் தீர்மானிக்கும். இருபது எண்ணும் வரை விளக்கு மறையும் வாணத்தை ஐந்து நொடிக்கு ஒன்றாகக் கொளுத்துவதில் பயனில்லை.

தரத்துக்கு, ஒரே தொகுதியிலிருந்து மூன்றையாவது எரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று போதாது; ஒன்று நன்றாக எரிந்தால் ஒன்று நன்றாக எரிந்தது என்று மட்டும்தான் பொருள். பக்கத்தில் மீட்டர் குறித்த ஒரு கம்பத்தை நட்டு, கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தொடக்க உயரம், நடு உயரம், முடிவு உயரம், எரிந்த நொடிகள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் வாங்கலாம். உயரம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் ஒரே மாதிரி எரிபவற்றைத்தான் நான் எடுப்பேன். வரிசையாக வைக்கும்போது கண் தேடுவது சமன்தான். ஒன்று மட்டும் ஐந்து மீட்டர் எழும்பி மற்றவை மூன்றில் நின்றால், பார்ப்பவர்களுக்கு அந்த மூன்று மீட்டர் குறையாகவே தெரியும்.

கையில் எடுத்துப் பார்த்தே சிலவற்றை ஒதுக்கிவிடலாம். மெல்லச் சாய்த்தால் உள்ளே மருந்து சரியும் ஓசை கேட்பது, குழலில் வெண்மையாக உப்புப் பூத்திருப்பது, அடிப்பகுதி உப்பியிருப்பது, திரி வாயோடு ஒட்டாமல் தொங்குவது. உப்புப் பூத்தது என்றால் ஈரம் உள்ளே போய் வந்திருக்கிறது என்று பொருள். மக்னேலியம் சேர்ந்த மருந்தில் இது வெறும் அழகுக்குறை இல்லை. ஈரமும் நைட்ரேட்டும் சேர்ந்து உலோகத்தை அரித்து உள்ளேயே சூடாக்கும். அந்தப் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். காயவைத்துப் பயன்படுத்தவும் நினைக்காதீர்கள்.

காற்றோடு சேர்த்து முடிவெடுத்தால்

இத்தனை ஆண்டுகளில் நான் உறுதியாக நம்புவது ஒன்று: திறந்தவெளியில், மருந்தை மாற்றி நீங்கள் குறைக்கும் புகையைவிட, வரிசையை மாற்றிக் குறைக்கும் புகை அதிகம்.

நடந்துபோகும் வேகத்தில், அதாவது நொடிக்கு ஒன்றரை மீட்டர் அளவில் காற்று இருந்தால், பத்து நொடியில் புகை பதினைந்து மீட்டர் நகர்ந்துவிடும். என்னுடைய முதல் காட்சியின் வரிசை முப்பது மீட்டர். காற்று வரிசையோடு வீசினால், காற்று போகும் கோடியிலிருந்து தொடங்கி, காற்று வரும் கோடியை நோக்கிக் கொளுத்திக்கொண்டு போக வேண்டும். அப்போது ஒவ்வொரு புது வாணமும் பழைய புகைக்கு வெளியே எரியும். தலைகீழாகச் செய்தால் ஒவ்வொன்றும் முந்தையதன் புகைக்குள் எரியும். வாணமும் அதேதான், காற்றும் அதேதான். தொடங்கும் முனை மட்டும் வேறு. காற்று கூட்டத்தின் முதுகிலிருந்து காட்சியை நோக்கி வீசினால் இன்னும் நல்லது. புகை பின்திரையாகப் போய்விடும், கொஞ்சம் வெளிறினாலும் மறைக்காது. காற்று நேராகக் கூட்டத்தின் முகத்துக்கு வந்தால், நாற்காலிகளை மாற்றுங்கள். அது பெரிய வேலைதான், ஆனாலும் மாற்றுங்கள்.

திரியைக் கையால் கொளுத்துவதா, ஒவ்வொரு வாணத்தையும் தூரத்திலிருந்து மின்சாரத்தால் பற்றவைக்கும் மின்தீமூட்டியா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. இணைப்புத் திரியே கருமருந்து பூசியது; அது எரியும்போது தன் பங்குக்கும் புகையும். அதைவிட முக்கியம், திரி ஓடத் தொடங்கிவிட்டால் காற்றுக்காக நம்மால் காத்திருக்க முடியாது. மின்தீமூட்டியில் காத்திருக்க முடியும். பத்து நொடி இருட்டு கூட்டத்தைச் சலிக்கச் செய்யாது. அடுத்தது என்ன என்ற எதிர்பார்ப்பு கூடும்.

சரி, எதை எடுப்பது? கூரை உள்ள இடம், பார்வையாளர்கள் பத்து, பதினைந்து மீட்டருக்குள் இருக்கும் மேடை என்றால் பொறி இயந்திரம். வண்ணம் கட்டாயம் வேண்டுமென்றால் கூடவே நைட்ரோசெல்லுலோஸ் சில. அங்கே கருமருந்துக்கும் பெர்குளோரேட்டுக்கும் இடமே இல்லை. ஆள் நடந்துபோகும் வேகத்திலாவது காற்று இருக்கும் திறந்த திடல் என்றால், புகை குறைந்த ரகத்துக்குச் செலவழிப்பது வீண் என்பேன். அந்தப் பணத்தில் ஒரே தொகுதியைச் சேர்ந்த நல்ல கருமருந்துப் புஸ்வாணங்களை வாங்கி, மிச்சத்தை மின்தீமூட்டிக்கு வையுங்கள். சுற்றுச்சுவரோ மரங்களோ அடைத்த, காற்று தேங்கும் திடல்தான் மிகக் கடினம். அங்கே நான் இப்போது கலந்து வைக்கிறேன். முதலில் நீலமும் மற்ற வண்ணங்களும், சிறியவையாக, பெர்குளோரேட் வகையில். நடுவில் சக்கரங்களும் பொறி இயந்திரமும், புகை கலைய நேரம் கொடுக்க. அதன் பிறகு கரிப்புஸ்வாணங்கள், எண்ணிக்கை பன்னிரண்டுக்கு மேல் போகாமல். கடைசியில் தீ அருவி.

தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வரிசையின் இரண்டு கோடியிலும் நடுவிலும் பிடித்துப் பாருங்கள். புகை நேராக இடுப்பளவு ஏறி, அங்கேயே தட்டையாகப் படர்ந்தால் மூடி விழுந்துவிட்டது. அன்றைக்குப் பட்டியலில் பாதியைக் குறைத்துவிடுவேன். வண்ணங்களையும் அருவியையும் வைத்துக்கொண்டு, கரிப்புஸ்வாணங்களில் நான்கை மட்டும் ஒன்றுக்கொன்று பத்து மீட்டர் தள்ளி நிறுத்துவேன். மீதியைப் பெட்டியில் போட்டு, உலர்ந்த இடத்தில், அடுத்த முறைக்கு.